கறுப்பு எனாமலுக்கு அடியில் பேர்ல் ஷீட்: இந்தப் பழைய ஸ்நேரை எப்படிச் சரிசெய்வது?

தெற்குவாசல்

வணக்கம். மதுரை திலகர் திடல் சண்டே மார்க்கெட்டில் ஒரு ஸ்நேர் டிரம் கிடைத்தது. விற்றவர் "பேண்டு செட்டு சாமான்" என்று மட்டும்தான் சொன்னார், எனக்கு அப்படித் தெரியவில்லை. குறுக்களவு 14 அங்குலம், ஆழம் ஐந்துக்குக் கொஞ்சம் மேலே, எட்டு லக் (தோலை இறுக்கும் திருகு இறங்குகிற உலோகப் பிடி), மர ஷெல் (டிரம்மின் உருளை உடம்பு). வெளியே முழுக்கக் கறுப்பு எனாமல், பிரஷ்ஷால் அடித்தது. பிரஷ் முடி ஒன்று பெயிண்டுக்குள்ளேயே காய்ந்து கிடக்கிறது, அந்த அழகில் அடித்திருக்கிறார்கள்.

ஒரு லக்கை மட்டும் கழற்றிப் பார்த்தேன். அதன் அடியில் பெயிண்ட் போகவில்லை. அங்கே வெள்ளையாக ஒரு ஷீட், சாய்த்துப் பிடித்தால் அலை அலையாக மின்னுகிறது. லக்கை ஒட்டிப் பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் அதே ஷீட் மஞ்சளாக, உருக்கிய நெய் நிறத்தில் இருக்கிறது. கம்பெனி பேட்ஜ் இல்லை. காற்றுத் துளைக்கு இரண்டு பக்கமும் சின்ன ஆணித் துளை. உள்ளே சிவப்பு கலந்த பழுப்பு மரம், மேலேயும் கீழேயும் ஒரு வளையம். ரிம், லக் எல்லாம் புள்ளி புள்ளியாகத் துரு.

பெயிண்ட் கடையில் ரிமூவர் வாங்கித் தடவு, பத்து நிமிடத்தில் உரிந்து வந்துவிடும் என்கிறார்கள். தடவலாமா? இது என்ன கம்பெனியாக இருக்கும்?

உப்புத்தாள்

தடவாதீர்கள். ரிமூவர், தின்னர், அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர், எதையும் அந்த டிரம் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நீங்கள் சொல்வது பழைய பேர்ல் ஷீட், முத்து மாதிரி மின்ன டிரம்மின் மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக், அநேகமாக செல்லுலாய்டு. பெயிண்டைக் கரைக்கிற அதே சாமான் செல்லுலாய்டையும் கரைக்கும். பத்து நிமிடத்தில் உரிந்து வரும் என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான், எனாமலோடு ஷீட்டும் சேர்ந்து கூழாக வரும்.

முதலில் செல்லுலாய்டுதானா என்று பாருங்கள். லக் கழற்றிய இடத்தில் கட்டைவிரலை அழுத்தி, சூடு தெரிகிற வரை வேகமாகத் தேயுங்கள். உடனே முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரத்தைச் சேர்த்துத்தான் அதைச் செய்வார்கள், கற்பூரம்தான் அதற்கு வளைந்துகொடுக்கும் தன்மையைத் தருகிறது. வயதாக ஆகக் கற்பூரம் ஆவியாகிப்போவதால்தான் பழைய ஷீட் சுருங்கி, ஜாயிண்ட் இடத்தில் வாய் பிளக்கிறது.

மேலூர்க்காரன்

இதற்கு இவ்வளவு எதற்கு அண்ணே? ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளித் தீக்குச்சி வைத்தால் தெரிந்துவிடுமே.

உப்புத்தாள்

தெரியும், விரலும் சேர்ந்து தெரியும். பழைய சினிமா பிலிம் எந்தச் சாமானோ அதே சாமான்தான் இது, பற்றினால் ஊதி அணைக்க முடியாது. மூக்கு இருக்கும்போது தீக்குச்சி எதற்கு?

பழையபித்தளை

கம்பெனி பற்றி. பேட்ஜ் இல்லாவிட்டாலும் ஷெல் கொஞ்சம் பேசும். இரண்டு ஆணித் துளை என்றால் பேட்ஜை ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்க லட்விக் கம்பெனியின் அறுபதுகள் கீஸ்டோன் பேட்ஜ் காற்றுத் துளையில் போடும் உலோக வளையத்தோடு சேர்ந்தே பிடிக்கும், தனி ஆணி கிடையாது. அதுவும் போக, அந்தக் காலத்து லட்விக் மர ஷெல்லில் உள்வளையம் மேப்பிள், வெளிர் நிறமாக இருக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் உள்ளே வெள்ளை பெயிண்ட்கூட அடித்திருப்பார்கள்.

நம் பக்கம் அதிகம் வந்தது பிரிட்டிஷ் டிரம், முக்கியமாக பிரீமியர். 1922-ல் லண்டனில் தொடங்கிய கம்பெனி, போரில் குண்டு விழுந்த பிறகு 1940-ல் லெஸ்டர் பக்கம் போனது. போலீஸ் பேண்டு, ராணுவ பேண்டு, சர்ச் என்று பல வழியில் அவை இங்கே வந்து சேர்ந்தன. ஆனால் பிரீமியரிலும் உள்வளையம் பீச் மரம், அதுவும் வெளிர் நிறம்தான். உங்கள் வளையம் என்ன நிறம்? ஷெல்லும் வளையமும் ஒரே சிவப்பா, இல்லை வளையம் மட்டும் வெளுப்பா? பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லுங்கள், டியூப் லைட்டில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

சிம்மக்கல் சைடு டிரம்

நான் கல்யாண பேண்டில் சைடு டிரம் வாசிக்கிறவன். எங்கள் பக்கம் ஓடுகிறதெல்லாம் மீரட் சாமான், ஷெல் முக்கால்வாசி தகரமோ பித்தளையோதான். மரத்தில் பேர்ல் ஒட்டினது என்றால் அது மெல்லிசைக் கச்சேரிக் கோஷ்டியில் இருந்து வந்ததாக இருக்கும் தம்பி. எழுபதுகளில் ஊருக்கு ஊர் ஆர்கெஸ்ட்ரா இருந்தது, திருவிழா மேடையில் டிரம் செட்டு முன்னால் கோஷ்டி பெயரை எழுதி வைத்திருப்பார்கள். மஞ்சளாகிப்போன செட்டை "பளிச்சென்று" ஆக்க எனாமல் அடிப்பது அப்போது சகஜம். முத்து வெள்ளை மஞ்சளானால் மேடை வெளிச்சத்தில் அழுக்காகத் தெரியும், அதனால்.

தெற்குவாசல்

தேய்த்துப் பார்த்தேன். கற்பூரம்தான்! லேசாகத்தான் வருகிறது, ஆனால் சந்தேகமே இல்லை, வீட்டில் அம்மாவும் முகர்ந்துவிட்டு "யார் சூடம் ஏற்றியது?" என்றார்.

வளையமும் ஷெல்லும் ஒரே சிவப்பு. மரத்தில் நீளநீளமாகத் துளைக்கோடுகள் தெரிகின்றன, நகத்தால் அழுத்தினால் பதிகிறது.

பழையபித்தளை

அப்படியானால் லுவான் என்று நினைக்கிறேன். பிலிப்பைன்ஸ் மஹாகனி என்று விற்கிற மரம், அறுபதுகளில் ஜப்பான் டிரம்களில் பெரும்பாலும் இதுதான். அப்போது ஜப்பானில் ஒரே பட்டறையில் செய்து, வாங்குகிற கடைக்கு ஏற்ப வேறு வேறு பெயரில் பேட்ஜ் அடித்து அனுப்புவார்கள். அதனால் பேட்ஜ் கிடைத்தாலும் அது கடையின் பெயராகத்தான் இருக்கும். பேட்ஜ் போனதற்கு வருத்தப்படாதீர்கள்.

இன்னொன்று பாருங்கள். ஷீட்டின் ஜாயிண்ட் எங்கே இருக்கிறது? பிரிட்டிஷ், அமெரிக்க டிரம்மில் பெரும்பாலும் ஒரு முனை இன்னொன்றின் மேல் ஏறி ஒட்டியிருக்கும். சில ஜப்பான் டிரம்களில் ஷீட்டின் முனை ஷெல்லின் ஜாயிண்டுக்குள்ளேயே மடங்கிப்போய் மரத்துக்கு நடுவே மாட்டியிருக்கும். அப்படி இருந்தால் இரண்டு விஷயம் தெளிவாகும்: ஒன்று, டிரம் எந்த ஊர் என்பது. இரண்டு, ஷீட்டை உரித்து எடுக்கும் யோசனையை விட்டுவிட வேண்டும் என்பது.

தெற்குவாசல்

மடங்கித்தான் போகிறது! எனாமல் அந்தக் கோட்டில் பள்ளமாக இருக்கிறதே, அதைச் சுரண்டிப் பார்த்தேன், ஷீட் உள்ளே இறங்குகிறது.

காரைக்குடி மரம்

உரிக்கும் யோசனை என்று ஒன்று இருந்ததே, அதற்கு என் பங்குக்கு ஒரு வார்த்தை. நான் பழைய சாமான் வேலை பார்க்கிறவன், முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகிற பீரோ, கதவு எல்லாம் செய்து கொடுத்திருக்கிறேன். யாராவது "ஷீட்டை எடுத்துவிட்டு மரத்துக்கு ஸ்பிரிட் பாலிஷ் போடு" என்று சொன்னால் கேட்காதீர்கள். ஷீட்டுக்கு அடியில் இருப்பது காட்டுவதற்காக இழைத்த மரம் இல்லை, பசை, மக்கு, ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் இருக்கும். எவ்வளவு அரக்கு ஏற்றினாலும் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும்.

ஆனால் வெறும் மர ஷெல் வைத்திருக்கிறவர்களுக்கு, மேலே என்ன பாலிஷ் என்று தெரியவேண்டுமானால் எங்கள் வழி எளிது. லக்குக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு மட்டும் இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பிற்காலத்து பாலியூரித்தேன் வகை. அரக்கு என்றால் அதன் மேலேயே புது அரக்கு ஏற்றலாம், பழையதும் புதியதும் ஒன்றாகிவிடும். லாக்கருக்கும் அப்படியே. பாலியூரித்தேன் அப்படி ஒட்டாது, பழசின் மேல் புதுசு ஏடாகத்தான் நிற்கும். இந்தச் சோதனை மரத்துக்கு மட்டும். இவருடைய டிரம்முக்கு ஸ்பிரிட்டும் வேண்டாம், செல்லுலாய்டை அது இளக்கும்.

மேலூர்க்காரன்

சரி, தீக்குச்சியைக் கீழே வைத்துவிட்டேன். என்னுடையதையும் கொஞ்சம் பாருங்கள். முழுக்கக் குரோம் ஷெல், லட்விக் பேட்ஜ் இருக்கிறது. ஒரு பக்கம் குரோம் கொப்புளம் மாதிரி எழும்பி வெள்ளைப் பொடி கொட்டுகிறது. டூப்ளிகேட்டா?

பழையபித்தளை

காந்தம் வைத்தீர்களா?

மேலூர்க்காரன்

ஒட்டவில்லை.

பழையபித்தளை

அப்படியானால் டூப்ளிகேட் என்று சொல்ல அவசரப்படாதீர்கள், கொப்புளமே நல்ல சாட்சிதான். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளையோ அலுமினியமோ. பித்தளை அரித்தால் பச்சை வரும், அலுமினியம் அரித்தால் வெள்ளைப் பொடி வரும். லட்விக் சூப்ராஃபோனிக் என்ற மாடல் முதலில் பித்தளையில் வந்து, அறுபதுகளிலேயே அலுமினியத்துக்கு மாறிவிட்டது. அலுமினியத்தில் குரோம் சரியாகப் பிடிக்காது, அதனால் இந்தக் கொப்புளம் அந்த மாடலுக்கே உரிய வியாதி. சத்தத்துக்கு ஒரு குறையும் வராது. தேய்க்காதீர்கள், பெயர்ந்த ஓரத்தைச் சுரண்டாதீர்கள், ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கார் மெழுகு போட்டு விடுங்கள். திரும்பக் குரோம் போட எந்தப் பட்டறைக்கும் கொடுக்காதீர்கள்.

சிம்மக்கல் சைடு டிரம்

பித்தளை பேச்சு வந்ததால் கேட்கிறேன். எங்கள் பித்தளை சைடு டிரம் ஒன்று பாதி தங்கமாகவும் பாதி காப்பிக் கறையாகவும் இருக்கிறது. பிராசோ போட்டுப் போட்டுக் கை வலிக்கிறது, கறை அப்படியே நிற்கிறது.

உப்புத்தாள்

அண்ணே, புளி வைத்துப் பாருங்கள். வெண்கலக்கடைத் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கறை இருக்கிற இடத்தில் ஒரு சொட்டு, தங்கமாக மின்னுகிற இடத்தில் ஒரு சொட்டு, கரைத்த புளியை வைத்து ஒரு நிமிடம் விட்டுத் துடையுங்கள். கறை இடம் பளிச்சென்று சிவந்து, மின்னுகிற இடம் மாறாமல் இருந்தால், மின்னுகிற இடத்தில் லாக்கர் இன்னும் உயிரோடு இருக்கிறது, கறை இடத்தில் போய்விட்டது என்று அர்த்தம். கறையே அசையாவிட்டால் அது லாக்கருக்கு அடியில் படிந்த கறை, நீங்கள் இத்தனை நாள் கண்ணாடிக்கு மேலே நின்று தேய்த்திருக்கிறீர்கள். அப்போது அசிட்டோன் போட்டு லாக்கரை முழுக்க எடுத்துவிட்டு பித்தளையை ஒரே சீராகத் தேய்ப்பதுதான் வழி. பித்தளைக்கு அசிட்டோன் ஒன்றும் செய்யாது. புளி வைத்த இடத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், மறந்தால் பச்சை பூக்கும்.

நிக்கல் முலாம் போட்ட டிரம்மாக இருந்தால் மட்டும் பிராசோவை அளவோடு. நிக்கல் படலம் மெல்லியது, ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், ஒரு நாள் அடியில் பித்தளை எட்டிப்பார்க்கும். நிக்கலா குரோமா என்று சந்தேகம் வந்தால் புதுக் குளியலறைக் குழாய் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குரோம் நீலம் பாய்ந்த வெள்ளை. நிக்கல் பக்கத்தில் வைத்தால் லேசாக மஞ்சள் தட்டும்.

தெற்குவாசல்

என் டிரம்முக்குத் திரும்பலாமா? லக்கையும் ரிம்மையும் மட்டுமாவது பிளேட்டிங் பட்டறையில் கொடுக்கலாமா? ஒரு பட்டறையில் கேட்டேன், மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போங்கள், ரெண்டு நாளில் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

உப்புத்தாள்

ரிம் இரும்பாக இருந்தால் கொடுக்கலாம், அவசியமில்லை. லக்கைக் கொடுக்காதீர்கள். உள்பக்கத்தை ஆணியால் ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் பித்தளை. சாம்பல் நிறமாக இருந்து, காந்தமும் ஒட்டாமல், கையில் கனமாகவும் இருந்தால் ஜிங்க் வார்ப்பு. ஜிங்கை ஆசிட் தொட்டியில் போட்டுப் பழைய குரோமை எடுக்கப்போனால் லக்கையே ஆசிட் தின்றுவிடும். கொட்டிவிட்டுப் போங்கள் என்று சொல்கிற இடத்தில் எது ஜிங்க், எது பித்தளை என்று பிரிக்கமாட்டார்கள்.

வீட்டிலேயே செய்யுங்கள். ஸ்நேரை முழுக்கக் கழற்றி, எந்த லக் எந்த இடம் என்று ஒரு பேப்பரில் எழுதிவைத்து, லக்குக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பல் பிரஷ்ஷால் தேயுங்கள். துருப் புள்ளிக்கு சாப்பாடு மடிக்கிற அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது, துரு மட்டும் கரும்பசையாக வரும். குழி விழுந்த இடம் குழியாகத்தான் இருக்கும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். கடைசியில் மெழுகு.

ஷீட் வேலை இனி. பழைய எனாமல் செல்லுலாய்டைக் கடித்துப் பிடிப்பதில்லை, மேலே உட்கார்ந்துதான் இருக்கும். உங்களுக்கு லக் ஓரத்தில் தானாகவே பெயர்ந்ததே, அதுதான் அத்தாட்சி. அங்கிருந்து தொடங்குங்கள். பழைய ஏடிஎம் கார்டு அல்லது கூர் சீவிய மூங்கில் பட்டையைப் பெயிண்டுக்கு அடியில் படுக்கையாக நுழைத்து மெதுவாகத் தள்ளுங்கள். கத்தி வேண்டாம், பிளேடு வேண்டாம். ஹீட் கன் வேண்டவே வேண்டாம், ஏன் என்று மேலே சொல்லியாயிற்று. நகம் அகலத்துக்குச் செதில் செதிலாக வரும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

பெயராமல் அடம்பிடிக்கிற இடத்துக்கு உப்புத்தாள், தண்ணீர் போட்டுத்தான். முதலில் 1000 நம்பர், கறுப்பு போனதும் நிறுத்திவிட்டு 1500, பிறகு 2000. தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு. உலரத் தேய்த்தால் தூசி பறக்கும், செல்லுலாய்டுத் தூசியும் பற்றக்கூடியதுதான். தண்ணீர் ஷெல் விளிம்புக்குள் இறங்காமல் துணியால் பிழிந்து பிழிந்து செய்யுங்கள், லுவான் தண்ணீர் குடித்தால் உப்பும். கடைசியில் கார் ரப்பிங் காம்பவுண்ட், கையால் மட்டும். பஃபிங் மெஷினில் கொடுத்தால் சக்கரம் ஒரு இடத்தில் நின்றுவிட்டால் போதும், சூடேறி ஷீட் எரியும்.

காரைக்குடி மரம்

ஜாயிண்டில் ஷீட் எங்காவது தூக்கியிருந்தால் வெள்ளை ஃபெவிகால் அந்த பிளாஸ்டிக்கில் நிற்காது. லேமினேட் ஒட்டுகிற எஸ்ஆர் 998 மாதிரிப் பசையை முதலில் லக்குக்கு அடியில் மறைகிற ஒரு புள்ளியில் வைத்துப் பார்த்து, ஷீட் இளகவில்லை என்று உறுதியானதும் மெல்லிசாகத் தடவி, கொஞ்சம் காயவிட்டு அழுத்துங்கள். மேலே சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றினால் சீராக அழுத்தும்.

தெற்குவாசல்

பாதி முடிந்தது. நீங்கள் சொன்ன மாதிரிதான், சில இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஏடாக வந்தது, ஸ்ட்ரெய்னர் (கீழே ஸ்நேர் கம்பியை இறுக்குகிற பிடி) பக்கம் மட்டும் அடம். உப்புத்தாள் போட்ட இடத்தில் மஞ்சளும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் லக் அடியில் இருக்கிற வெள்ளைக்கு வரவில்லை. இன்னும் தேய்த்தால் வெள்ளையாகுமா? முடிந்ததும் மேலே கிளியர் லாக்கர் ஒரு கோட் அடிக்கலாமா?

பழையபித்தளை

இன்னும் தேய்க்காதீர்கள். மஞ்சள் மேலே கொஞ்சம், உள்ளேயும் கொஞ்சம். மேலே இருப்பது போய்விட்டது. மீதியை விரட்டினால் முத்து அலை மின்னுகிற படலத்தையே எடுத்துவிடுவீர்கள், அதற்குப் பிறகு அங்கே ஒரு மங்கல் திட்டு நிரந்தரமாக நிற்கும். அந்த நெய் நிறம் இந்த வகை டிரம்முக்கு வயதின் அடையாளம், சேகரிக்கிறவர்கள் அதைக் குறையாகப் பார்ப்பதில்லை. எனக்கென்னவோ வெள்ளையைவிட இதுதான் பிடிக்கும்.

கிளியர் லாக்கர் கூடாது. அதில் தின்னர் இருக்கிறது, ஷீட்டைக் கடிக்கும். மெழுகு மட்டும்.

வைக்கிற இடம் முக்கியம். பழைய செல்லுலாய்டு மெதுவாகச் சிதையும்போது அமில வாயு விடும், காற்றோட்டம் இல்லாமல் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் அந்த வாயு உள்ளேயே சுற்றித் திருகு, லக் எல்லாவற்றையும் அரிக்கும். திருகு தலையில் பச்சை பூத்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே பரணில் போடாதீர்கள், நம் ஊர் சித்திரை வெயிலில் அங்கே இருக்கிற சூட்டில் கற்பூரம் இன்னும் வேகமாகப் போய் ஷீட் சுருங்கும். சுவரோரம், நிழலில், துணி மூடி வைத்தால் போதும்.

சிம்மக்கல் சைடு டிரம்

தம்பி, தோலை இறுக்குகிற டென்ஷன் ராடு ஒன்றிரண்டு மரை போயிருந்தால் கடையில் கிடைக்கிறதை வாங்கி முறுக்கிவிடாதே. இப்போது வருகிற ராடு பெரும்பாலும் 12-24 என்ற அளவு மரை, பழைய டிரம் எல்லாவற்றிலும் அதே மரை இருக்காது. கையால் சுற்றும்போது லேசாக இறங்கினால் சரி, சாவி போட்டுத்தான் இறங்குகிறது என்றால் எடுத்துவிடு. லக் உள்ளே இருக்கிற மரை போனால் வேறு கிடைக்காது.

தெற்குவாசல்

நல்லவேளை சொன்னீர்கள் அண்ணே, அதைத்தான் செய்ய இருந்தேன். ஹெட், அதாவது டிரம் தோல், வாங்கப் போகிறேன், 14 அங்குலம் என்று கேட்டு வாங்கிவிடலாம்தானே?

பழையபித்தளை

வாங்குவதற்கு முன் அளந்துவிடுங்கள். தையல்காரர் டேப்பை ஷெல்லைச் சுற்றிப் பிடித்து வரும் சுற்றளவை 3.1416-ஆல் வகுத்தால் வெளிவிட்டம் கிடைக்கும். 14 அங்குலம் என்றால் 355.6 மில்லிமீட்டர், ஷெல் அதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால்தான் ஹெட்டின் வளையம் தடையில்லாமல் இறங்கும். சுருங்கிய ஷீட் ஜாயிண்டில் மேடாக நின்றால் அங்கே மட்டும் ஹெட் உரசும், அதனால் டேப்பை மேல் விளிம்பு, கீழ் விளிம்பு இரண்டிலும் சுற்றிப் பாருங்கள். அளவைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

தெற்குவாசல்

விட்டம் மேலே 353 மில்லிமீட்டர், கீழே 353.5. ஜாயிண்டில் ஒரு இடம் மட்டும் விரலுக்குத் தட்டுகிறது.

பழையபித்தளை

தாராளமாக இறங்கும். தட்டுகிற இடத்தை 1500 உப்புத்தாளால் நாலு இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். கீழே போடுவதற்கு மெல்லிய ஸ்நேர் சைடு ஹெட் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள், சாதாரண ஹெட்டைத் தலையில் கட்டிவிடுவார்கள்.